கார் கேபின் எல்இடி விளக்கு மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

டாஷ்போர்டுக்கு அடியிலும் கால் வைக்கும் இடத்திலும் ஒட்டிய எல்இடி ஸ்ட்ரிப் எரியாமல் போனாலோ மினுக்கினாலோ பலரும் உடனே புது ஸ்ட்ரிப் வாங்கி மாற்றுகிறார்கள். கொஞ்ச நாளில் அதுவும் அதே மாதிரி ஆகிறது. ஏனென்றால் கோளாறு பெரும்பாலும் ஸ்ட்ரிப்பில் இல்லை, கரண்ட் வந்து சேரும் பாதையில் இருக்கிறது. ஃபியூஸ் பாக்ஸில் லைன் எடுத்த இடம், எர்த் பிடித்த போல்ட், முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட், இந்த மூன்றையும் தாண்டாமல் ஸ்ட்ரிப்பைக் குறை சொல்லக் கூடாது. எதையும் மாற்றுவதற்கு முன் மீட்டர் வைத்து அளந்து பாருங்கள். அதுவும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, ஸ்ட்ரிப்பின் முனையிலேயே அளக்க வேண்டும்.

ஏன் எரியும்போது? டிஜிட்டல் மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. பச்சை பூத்துப்போன ஒரு ஜாயின்டில் 2 ஓம் தடை இருந்தாலும், லோடு இல்லாதபோது மீட்டர் அழகாக 12.5 வோல்ட் காட்டும். அதே ஜாயின்ட் வழியாக 2 ஆம்பியர் ஓட ஆரம்பித்தால் 4 வோல்ட் அங்கேயே தங்கிவிடும், விளக்குக்கு மிச்சம்தான் போகும். "வோல்டேஜ் சரியாக வருகிறது, ஸ்ட்ரிப்தான் போய்விட்டது" என்ற முடிவு தப்பாவது இங்கேதான்.

கணக்குக்கு ஒரு சாதாரண செட்டை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட், 5050 வகை, மீட்டருக்கு 60 எல்இடி உள்ள ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) ஸ்ட்ரிப், ரிமோட் அல்லது ஃபோன் ஆப்பில் இயங்கும் சின்ன கண்ட்ரோலர். முன்னால் கால் வைக்கும் இடத்தில் 30 செ.மீ. வீதம் இரண்டு, பின்னால் இரண்டு, டாஷ்போர்டு நெடுக 1.2 மீட்டர், ஆக மொத்தம் 2.4 மீட்டர். இந்த வகை ஸ்ட்ரிப் முழு வெள்ளையில் மீட்டருக்கு 14.4 வாட், அதாவது 1.2 ஆம்பியர் எடுக்கும். 2.4 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 3 ஆம்பியர். ஆகவே 5 ஆம்பியர் ஃபியூஸும் 0.75 சதுர மி.மீ. மெயின் வயரும் போதும். 10, 15 ஆம்பியர் ஃபியூஸ் போட வேண்டாம். ஃபியூஸ் காப்பாற்றுவது விளக்கை அல்ல, வயரை. ஸ்ட்ரிப்போடு வரும் மெல்லிய வயர் 15 ஆம்பியர் ஃபியூஸ் போவதற்கு முன்பே உருகிவிடும்.

கையில் இருக்க வேண்டியவை: 10 ஆம்பியர் துளை உள்ள மல்டிமீட்டர், பிளாஸ்டிக் டிரிம் கருவி, 2, 3, 5 ஆம்பியர் ஃபியூஸ் சில, நடுவே 2 ஆம்பியர் ஃபியூஸ் கோர்த்த 3 மீட்டர் ஜம்பர் வயர், சால்டரிங் அயர்ன், சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ்.

வேலை முடிந்ததும் ஏர்பேக் விளக்கு எரிகிறது

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இது. விளக்கு எரியாவிட்டால் அழகு குறையும், அவ்வளவுதான். ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் விபத்தில் பை விரியாமல் போகலாம்.

பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், பின் சீட்டுக்கு வயர் கொண்டுபோகும்போது முன் சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர் லூசாகியிருக்கும், அல்லது சாவி ஆனில் இருக்கும்போது யாராவது கழற்றி மாட்டியிருப்பார்கள். மஞ்சள் நிறக் கனெக்டரும் மஞ்சள் உறை போட்ட வயரும் ஏர்பேக்குடையவை. அவற்றில் மீட்டரை வைக்கக் கூடாது, டெஸ்ட் லேம்பைத் தொடவே கூடாது. சாவியை ஆஃப் செய்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்துக் கனெக்டரை "கிளிக்" சத்தம் வரும்வரை அழுத்திப் பாருங்கள். அதன்பிறகும் விளக்கு அணையவில்லை என்றால் பழைய ஃபால்ட் கோடு (கோளாறு எண்) வண்டியின் நினைவில் நிற்கிறது; ஸ்கேனர் உள்ள இடத்தில்தான் அழிக்க முடியும்.

கர்ட்டன் ஏர்பேக் (பக்கவாட்டு ஜன்னல் ஓரம் திரை போல விரியும் பை) உள்ள வண்டியில் முன் கண்ணாடி ஓரத்துத் தூண் வழியாக வயர் ஏற்றுவதாக இருந்தால், பைக்கு முன்னாலோ மேலாலோ போகவிடாதீர்கள். கம்பெனி வயரிங் போகும் அதே தடத்தில், பைக்குப் பின்பக்கமாகக் கட்டுங்கள். இடம் இல்லை என்றால் அந்த வழியே வேண்டாம். கீழே, கதவோரத்து மிதிப் பட்டைக்கு அடியில் கொண்டுபோகலாம்.

எதுவுமே எரியவில்லை

ஸ்ட்ரிப்பைக் கண்ட்ரோலரிலிருந்து பிரித்து, ஃபியூஸ் கோர்த்த ஜம்பரால் நேராகப் பேட்டரியில் கொடுத்துப் பாருங்கள். இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நான்கு வயர் உள்ள ஆர்ஜிபி ஸ்ட்ரிப்பில் கறுப்பு வயர் பெரும்பாலும் நெகட்டிவ் அல்ல, அதுதான் பொதுவான பாசிட்டிவ். சில ஸ்ட்ரிப்பில் வெள்ளை வயராகவும் இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அந்தந்த நிறத்தின் நெகட்டிவ். வயர் நிறத்தை நம்பாமல், ஸ்ட்ரிப்பின் மேல் "+12" என்று அச்சடித்திருக்கும் தடத்தைப் பாருங்கள். அதைப் பேட்டரி பாசிட்டிவில் கொடுத்து, மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாக நெகட்டிவில் தொடுங்கள்.

மூன்று நிறமும் வந்தால் ஸ்ட்ரிப் நன்றாக இருக்கிறது. இனி பின்னோக்கிப் போங்கள். கண்ட்ரோலர் உள்ளே வரும் இடத்தில் சாவி ஆனில் 12 வோல்ட் இருக்கிறதா? இருந்தால் கண்ட்ரோலரோ ரிமோட் பேட்டரியோ காரணம். இல்லையென்றால் ஃபியூஸ் டேப்பும் (ஃபியூஸ் துளையில் செருகி, இன்னொரு ஃபியூஸோடு தனி லைன் எடுக்கும் அடாப்டர்) எர்த்தும்.

ஃபியூஸ் டேப்பில் நடக்கும் தப்புகள் இரண்டு. ஒன்று, அளவு. மினி, லோ புரொஃபைல் மினி, மைக்ரோ 2 எல்லாம் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்று போல இருக்கும். தப்பான அளவு உள்ளே போய் உட்கார்ந்த மாதிரி தெரியும், ஆனால் கால் சரியாகக் கவ்வாது. இரண்டாவது, திசை. ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, சாவி ஆனில், அந்த இரண்டு துளையையும் மீட்டரால் தொடுங்கள். 12 வோல்ட் காட்டும் துளைதான் சப்ளை பக்கம். இரண்டு ஃபியூஸுக்கும் பொதுவான கால் அந்தத் துளையில் போக வேண்டும். மாற்றிப் போட்டாலும் விளக்கு எரியத்தான் செய்யும். ஆனால் உங்கள் கரண்ட்டும் பழைய ஃபியூஸ் வழியாகவே ஓடும், என்றாவது ஒருநாள் 12 வோல்ட் சாக்கெட்டில் சார்ஜரும் சேர்ந்து ஓடும்போது இரண்டும் சேர்ந்து படுத்துவிடும்.

எர்த் என்றால் பெயின்ட் அடித்த தகட்டில் ரிங் டெர்மினலை வைத்து முடுக்குவது அல்ல. பிளாஸ்டிக்கைப் பிடிக்கும் திருகும் எர்த் ஆகாது. கம்பெனி எர்த் வயர்கள் ஏற்கனவே வந்து முடியும் போல்ட்டைத் தேடுங்கள். டாஷ்போர்டின் இரு ஓரத்திலும், கால் வைக்கும் இடத்துப் பக்கவாட்டுப் பிளாஸ்டிக்கைக் கழற்றினால் பெரும்பாலான வண்டிகளில் அது கிடைக்கும்.

ஒற்றை நிற ஸ்ட்ரிப்பில் பாசிட்டிவ் நெகட்டிவ் மாறினால் எரியாது, கெட்டும் போகாது. மாற்றிக் கொடுத்தால் எரியும். ஆனால் டபிள்யூஎஸ்2812பி போல ஒவ்வொரு எல்இடிக்குள்ளும் சிப் உள்ள பிக்சல் ஸ்ட்ரிப்பில் மாற்றிக் கொடுத்தால் அதோடு சரி, சிப் போய்விடும்.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது

போட்டவுடனே போனால் நேரடி ஷார்ட். பள்ளத்தில் இறங்கும்போதோ சீட்டை முன்னே பின்னே தள்ளும்போதோ போனால், சீட் ரெயிலில் வயர் உரசியிருக்கிறது. சீட்டைக் கடைசி வரை பின்னே தள்ளி, டார்ச் அடித்து ரெயிலின் பல்லுக்குப் பக்கத்தில் பாருங்கள். உரசிய வயரின் தோல் ஒரு பக்கம் மட்டும் தட்டையாகப் பளபளக்கும், நடுவில் செம்பு ஒரு புள்ளியாகத் தெரியும். டேப் சுற்றி அதே இடத்தில் விடாதீர்கள். வயரை வெட்டி ஜாயின்ட் போட்டு, கொருகேட்டட் குழாய்க்குள் நுழைத்து, கார்பெட்டுக்கு அடியில் கொண்டுபோங்கள்.

பெரிய ஃபியூஸ் போட்டுப் பார்ப்பது சோதனை அல்ல, தீ வைப்பது.

ஒரு நிறம் மட்டும் அணையவே மாட்டேன் என்கிறது

ரிமோட்டில் ஆஃப் செய்தாலும் பச்சை மட்டும் முழு வெளிச்சத்தில் நிற்கிறது. கண்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று தோன்றும், அவசரப்படாதீர்கள். ஆர்ஜிபி கண்ட்ரோலர் பாசிட்டிவை எப்போதும் கொடுத்துவைத்துவிட்டு, நெகட்டிவைத்தான் திறந்து மூடுகிறது. அந்தப் பச்சை வயரின் செம்பு எங்கேயாவது பாடித் தகட்டைத் தொட்டால், கண்ட்ரோலரைக் கேட்காமலே சுற்று முடிந்துவிடும். ஷார்ட் இல்லை என்பதால் ஃபியூஸும் போகாது.

கண்ட்ரோலரின் வெளியேறும் பக்கத்துப் பச்சை வயரை மட்டும் கழற்றிவிடுங்கள், பாசிட்டிவ் அப்படியே இருக்கட்டும். இன்னும் பச்சை எரிந்தால் வயர் எங்கோ தகட்டைத் தொடுகிறது. ஸ்ட்ரிப்பை வெட்டிய முனைகளை முதலில் பாருங்கள். வெட்டிய இடத்தில் செம்புத் தடம் வெளியே தெரியும், சீட்டுக்கு அடி இரும்புச் சட்டத்தில் அது பட்டாலே போதும். ஒவ்வொரு முனையிலும் ஹீட் ஷ்ரிங்க் மாட்டி மூடுங்கள். கழற்றியதும் பச்சை அணைந்தால் கண்ட்ரோலருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கிறது, கண்ட்ரோலரை மாற்ற வேண்டியதுதான்.

வரிசையாக மூன்று எல்இடி மட்டும் எரியவில்லை

12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று எல்இடியும் ரெசிஸ்டரும் சேர்ந்து ஒரு துண்டு. ஒன்று போனால் மூன்றும் அணையும். வெட்டுக் கோட்டில் அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிட்டுப் புதுத் துண்டு சால்டர் செய்யலாம். பிக்சல் ஸ்ட்ரிப்பில் கதை வேறு. ஒன்று செத்தால் அதற்குப் பிறகு வரும் எல்லாமே நின்றுவிடும், அல்லது கண்டபடி நிறம் மாறும். குற்றவாளி முதலில் அணைந்த எல்இடியாகவும் இருக்கலாம், அதற்கு முந்தைய, நன்றாக எரிவது போல் தெரியும் எல்இடியாகவும் இருக்கலாம். இரண்டையும் சேர்த்து வெட்டி மாற்றிவிடுவது வேலையை மிச்சப்படுத்தும்.

பின் சீட்டில் மங்கல். வெள்ளை போட்டால் ரோஸ் நிறம் வருகிறது

வழியிலேயே வோல்டேஜ் கரைகிறது என்று அர்த்தம். நிறம் ஏன் மாறுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், கண்ணாலேயே கோளாறைப் பிடிக்கலாம். நீலம், பச்சை எல்இடி ஒவ்வொன்றுக்கும் 3.2 வோல்ட் வாக்கில் வேண்டும், மூன்று சேர்ந்தால் 9.6. சிவப்புக்கு 2 வோல்ட் வாக்கில்தான், மூன்றுக்கு 6. வோல்டேஜ் 10.5-க்கு இறங்கினால் நீலமும் பச்சையும் திணறும், சிவப்பு கவலையில்லாமல் எரியும். வெள்ளை அதனால் ரோஸாகிறது.

எங்கே கரைகிறது என்று கண்டுபிடிக்க இரண்டே அளவு போதும். முழு வெள்ளையில் எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறு முனையைப் பின் ஸ்ட்ரிப்பின் "+12" தடத்திலும் வையுங்கள். காட்டுவது பாசிட்டிவ் பக்கத்து நஷ்டம். அடுத்து, பேட்டரி நெகட்டிவிலும் கண்ட்ரோலரின் நெகட்டிவ் முனையிலும் வையுங்கள். அது எர்த் பக்கத்து நஷ்டம். எர்த் பக்கம் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பாசிட்டிவ் பக்கம் அரை வோல்ட்டைத் தாண்டினால் வயர் மெல்லியது அல்லது ஜாயின்ட் மோசம்.

முன் ஸ்ட்ரிப்பின் வாலில் பின் ஸ்ட்ரிப்பைத் தொடுப்பதுதான் வழக்கமான காரணம். ஸ்ட்ரிப்போடு வரும் வயர் 0.2 சதுர மி.மீ. வாக்கில் இருக்கும், போக வர 5 மீட்டருக்கே 0.4 ஓமுக்கு மேல். கண்ட்ரோலரிலிருந்து பின்பக்கத்துக்குத் தனி வயர் 0.5 சதுர மி.மீ. அளவில் போடுங்கள். டாஷ்போர்டு ஸ்ட்ரிப் நீளம் என்றால் இரண்டு முனையிலும் சப்ளை கொடுங்கள்.

இன்ஜின் போட்டதும் வெளிச்சம் கூடுகிறது, நிறம் நீலமடிக்கிறது, சில மாதத்தில் எல்இடி கருகுகிறது

இதுதான் கார் வேலைக்கே உரிய கோளாறு. இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

"12 வோல்ட் ஸ்ட்ரிப், 12 வோல்ட் பேட்டரி" என்பது பேச்சுக்குத்தான். நிற்கும் வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 13.8 முதல் 14.5 வரை ஏற்றும். நீலத்துக்கு ஸ்ட்ரிப்பில் 150 ஓம் ரெசிஸ்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 2.4 வோல்ட், ஓடும் கரண்ட் 16 மில்லி ஆம்பியர். 14.4 வோல்ட்டில் மிஞ்சுவது 4.8 வோல்ட், கரண்ட் 32 மில்லி ஆம்பியர். வோல்டேஜ் கூடியது ஐந்தில் ஒரு பங்குதான், கரண்ட் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ரெசிஸ்டரில் உண்டாகும் சூடு நான்கு மடங்கு. சிவப்புக்கு 330 ஓம் என்றால் 18-லிருந்து 25 மில்லி ஆம்பியர்தான் ஆகும். நீலமும் பச்சையும் இரட்டிப்பாகி, சிவப்பு கொஞ்சம் மட்டும் கூடுவதால் வெள்ளை குளிர்ந்த நீலத்துக்குச் சாய்கிறது. நிறம் மாறுகிறது என்றாலே எல்இடி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதோடு நம் ஊர் வெயிலையும் கூட்டுங்கள். சித்திரை மாதத்தில் மூடி நிறுத்திய காரின் டாஷ்போர்டு மேற்பரப்பு 70 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் உட்கார்ந்திருக்கும் எல்இடிக்கு இரட்டைக் கரண்ட் கொடுத்தால் பசை பழுத்துப் பழுப்பாகிவிடும்.

தீர்வு, வோல்டேஜைக் கட்டிவைப்பது. எளிதாகக் கிடைப்பது எல்எம்2596 சிப் உள்ள ஸ்டெப் டவுன் போர்டு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். 3 ஆம்பியர் என்று போட்டிருந்தாலும் ஹீட் சிங்க் இல்லாமல் 2 ஆம்பியருக்கு மேல் நம்ப வேண்டாம். இது உள்ளே வருவதைவிட ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் குறைவாகத்தான் வெளியே தரும். 12 வோல்ட்டுக்கு வைத்தால் இன்ஜின் ஓடும்போது 12, நின்றதும் 11 என்று மறுபடி நிறம் ஆடும். ஆகவே 11 வோல்ட்டுக்கே வைத்துவிடுங்கள். வெளிச்சம் கொஞ்சம் குறையும், ஆனால் எப்போதும் ஒரே சீராக நிற்கும். கேபினுக்கு அந்த வெளிச்சமே அதிகம். கரண்ட்டும் 3 ஆம்பியரிலிருந்து 2 ஆம்பியர் அளவுக்கு இறங்குவதால் போர்டும் தாங்கும். சுத்த வெள்ளைதான் வேண்டும் என்பவர்களுக்கு 11 வோல்ட்டில் வெள்ளை லேசாகச் சிவக்கும். அவர்கள் உள்ளே 8 முதல் 40 வோல்ட் வாங்கி 12 வோல்ட் நிலையாகத் தரும் பக் பூஸ்ட் கன்வெர்ட்டர் வாங்குவது நல்லது.

போர்டைச் செட் செய்யும் விதம்: ஸ்ட்ரிப்பை மாட்டாமல், வெளியேறும் பக்கம் மீட்டரை வைத்து, நீலப் பெட்டி மேல் உள்ள சின்னப் பித்தளைத் திருகை ஸ்க்ரூ டிரைவரால் சுற்றுங்கள். பல சுற்றுத் திருகு இது, பத்துச் சுற்று வரை மீட்டரில் எண் அசையாமலே இருக்கலாம். போர்டு கெட்டது என்று நினைத்துவிடாமல் தொடர்ந்து சுற்றுங்கள். 11.0 வந்ததும் திருகின் தலையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துவிட்டால் வண்டி அதிர்வில் நகராது. பிறகு போர்டை ஹீட் ஷ்ரிங்க்கில் முழுசாகச் சுற்றி மூச்சடைக்க வைக்காதீர்கள். காற்றோட்டமுள்ள சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, கார்பெட்டையும் ஃபோமையும் விட்டுத் தள்ளி, டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள உலோகச் சட்டத்தில் கட்டுங்கள்.

மினுக்குகிறது

எப்போது மினுக்குகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

பள்ளம் மேட்டில் மட்டும் என்றால் லூஸ் கான்டாக்ட். சால்டர் இல்லாமல் கவ்வும் பிளாஸ்டிக் கிளிப் கனெக்டர்களை முதலில் சந்தேகப்படுங்கள். வீட்டு அலமாரிக்கு அவை போதும், அதிரும் காருக்குப் போதாது. கிளிப்பைத் திறந்து பார்த்தால் செம்புத் தடத்தின் மேல் பல் பதிந்த இரண்டு சின்னக் கீறலும் சுற்றிலும் கறுப்பும் தெரியும். அதை வெட்டி எறிந்துவிட்டு நேராகச் சால்டர் செய்யுங்கள். சால்டர் செய்த இடத்துக்குப் பக்கத்திலேயே வயரைக் கட்டிவைக்கவும் மறக்காதீர்கள், இல்லையென்றால் ஆடி ஆடித் தடமே உரிந்துவரும்.

இன்டிகேட்டர் போடும்போதோ பிரேக் மிதிக்கும்போதோ சேர்ந்து துடித்தால், எர்த் வேறு ஏதோ லோடுடன் பங்கு போடுகிறது. எர்த் போல்ட்டை மாற்றுங்கள்.

இன்ஜின் வேகத்தோடு மினுக்கினால் மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் அளங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டர் டயோடு போயிருக்கலாம், அதை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். விளக்கு உங்களுக்கு நல்ல சேதி சொல்லியிருக்கிறது.

சுவிட்ச் வெளிச்ச வயரில், அதாவது பார்க்கிங் விளக்கோடு எரியும் டாஷ்போர்டு லைனில், ஸ்ட்ரிப்பைத் தொடுத்திருந்தால் மினுக்குவதில் ஆச்சரியம் இல்லை. புது வண்டிகளில் அந்த லைன் நேர் 12 வோல்ட் அல்ல. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க நொடிக்குப் பல நூறு முறை அணைத்து ஏற்றும் பிடபிள்யூஎம். அதில் ரிலே (கரண்ட்டால் இயங்கும் சுவிட்ச்) மாட்டினால் அது கடகடவென்று அடிக்கும். பார்க்கிங் விளக்கோடு எரிய வேண்டுமானால் பார்க்கிங் விளக்கின் ஃபியூஸிலிருந்து டேப் எடுங்கள்.

ஃபோன் கேமராவில் மட்டும் பட்டை பட்டையாக ஓடி, கண்ணுக்குச் சீராக இருந்தால் அது கண்ட்ரோலரின் பிடபிள்யூஎம். கோளாறே இல்லை.

பிக்சல் ஸ்ட்ரிப்பில் நிறங்கள் கிறுக்குத்தனமாகத் தெறித்தால், ஈஎஸ்பி32 போன்ற போர்டு தரும் 3.3 வோல்ட் டேட்டா போதவில்லை. 5 வோல்ட்டில் ஓடும் டபிள்யூஎஸ்2812பி 3.5 வோல்ட்டாவது எதிர்பார்க்கிறது. நடுவே அந்த டேட்டாவை 5 வோல்ட்டுக்கு ஏற்றித் தரும் 74ஏஎச்சிடி125 லெவல் ஷிஃப்டர் போடுங்கள். டேட்டா வயரில் 330 ஓம் ரெசிஸ்டர், சப்ளை முனையில் 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், கண்ட்ரோலருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் பொதுவான நெகட்டிவ், இந்த மூன்றும் கட்டாயம். சிவப்பு கேட்டால் பச்சை வருகிறது என்பது மட்டும் கோளாறு அல்ல. செட்டிங்கில் நிற வரிசையை ஜிஆர்பி (பச்சை, சிவப்பு, நீலம்) என்று மாற்றினால் சரியாகிவிடும்.

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

விளக்கு அணைந்திருக்கிறது, ஆனாலும் பேட்டரி இறங்குகிறது. ஸ்ட்ரிப் தூங்கினாலும் கண்ட்ரோலர் தூங்குவதில்லை. ரிமோட்டுக்கோ ப்ளூடூத்துக்கோ காத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். ஸ்டெப் டவுன் போர்டும் லோடு இல்லாமலே சில மில்லி ஆம்பியர் எடுக்கும்.

அளக்கும் விதம்: எல்லாம் ஆஃப். பானெட்டைத் திறந்து வையுங்கள், கதவு திறந்திருக்க வேண்டுமானால் அதன் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி மூடியது போல் ஏமாற்றுங்கள். மீட்டரின் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளையில் மாட்டுங்கள். பேட்டரி நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, சிவப்பு முனையைக் கேபிளிலும் கறுப்பு முனையைப் பேட்டரி கம்பத்திலும் பிடியுங்கள். அரை மணி நேரம் பொறுங்கள், வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அவ்வளவு நேரம் ஆகலாம். மீட்டர் நடுவில் இருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பக் கூடாது, ஸ்டார்ட்டர் இழுத்தால் மீட்டர் போய்விடும்.

50 மில்லி ஆம்பியருக்குள் நின்றால் சரி. அதற்கு மேல் என்றால் உங்கள் ஃபியூஸ் டேப்பின் ஃபியூஸைப் பிடுங்கிப் பாருங்கள். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் உங்கள் விளக்கின் கணக்கு. 80 மில்லி ஆம்பியர் என்பது சின்ன எண்ணாகத் தெரியும். ஒரு நாளைக்கு 1.9 ஆம்பியர் மணி. சின்ன காரின் 35 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதியை ஒன்பது நாளில் தின்றுவிடும். ஊருக்குப் போய்த் திரும்பி வரும்போது வண்டி கிளம்பாது.

லைனை ஏசிசி ஃபியூஸுக்கு, அதாவது சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஃபியூஸுக்கு, மாற்றுவதே தீர்வு. சாவியை எடுத்ததும் அந்தத் துளையில் 0 வோல்ட் ஆகிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். சில வண்டிகளில் 12 வோல்ட் சாக்கெட் சாவி இல்லாமலும் உயிரோடு இருக்கும். ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 16-ஆம் பின் எல்லா வண்டியிலும் எப்போதும் 12 வோல்ட்டோடு இருப்பது. அங்கிருந்து எடுத்த விளக்குதான் பேட்டரி இறங்கிய பல வண்டிகளில் காரணம்.

கூரை விளக்கு அணைத்த பிறகும் மங்கலாக எரிகிறது

பழைய பல்பு 5 அல்லது 10 வாட். சுவிட்ச் வெளிச்சத்துக்கோ கதவு சென்சாருக்கோ அந்த லைனில் ஓடும் சில மில்லி ஆம்பியர் கசிவு அந்தப் பல்பைச் சூடாக்கக்கூடப் போதாது. எல்இடிக்கு அதுவே தாராளம். எல்இடிக்கு இணையாக 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சால்டர் செய்தால் கசிவு அந்த வழியே போய்விடும்.

புதிதாக மாட்டிய எல்இடி எரியவே இல்லை என்றால் திருப்பி மாட்டுங்கள், முனை மாறியிருக்கும். இரண்டு பக்கமும் தொப்பி உள்ள பல்பில் 31, 36, 41 மி.மீ. என்று நீளங்கள் உண்டு. பழையதை அளந்துவிட்டு வாங்குங்கள், இடுக்கியை வளைத்துப் பொருத்தினால் ஒரு வாரத்தில் கழன்றுவிடும்.

கதவைத் திறந்தால் எரிய வேண்டும் என்று கூரை விளக்கிலிருந்து லைன் எடுத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல வண்டிகளில் கூரை விளக்குக்குப் பாசிட்டிவ் எப்போதும் இருக்கும், கதவு திறக்கும்போது எர்த்தைத்தான் இணைக்கும். உங்கள் ஸ்ட்ரிப்பின் நெகட்டிவைப் பாடியில் கொடுத்தால் இரவு பகலாக எரியும். அந்த விளக்கின் இரண்டு முனைகளிலிருந்தே பாசிட்டிவும் நெகட்டிவும் எடுங்கள். அரை ஆம்பியருக்கு மேல் லோடு இருந்தால் நேராகத் தொங்கவிடாமல் ரிலே வையுங்கள். ரிலே காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு, கோடு போட்ட பக்கம் பாசிட்டிவில்.

கதவு விளக்கு, கதவைத் திறந்தால் அணைகிறது

கதவுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாய்க்குள் வயர் அறுந்திருக்கும். தோல் முழுசாக இருக்கும், உள்ளே செம்பு மட்டும் முறிந்திருக்கும். விரலால் மடக்கினால் அந்த இடத்தில் மட்டும் வயர் எலும்பில்லாதது போல் வளையும். மெல்லிய இழைகள் நிறைய உள்ள வயராகப் போட்டு, குழாய்க்குள் ஜாயின்ட் வராமல், ஒரு விரல்கடை தளர்வோடு விடுங்கள்.

எஃப்எம்மில் இரைச்சல், ரிமோட் சாவி கிட்டே வந்தால்தான் வேலை செய்கிறது

வெளிச்சத்தை 100 சதவீதம் வையுங்கள். இரைச்சல் நின்றால் கண்ட்ரோலரின் பிடபிள்யூஎம் காரணம். நிற்கவில்லை என்றால் ஸ்டெப் டவுன் போர்டு. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: பாசிட்டிவையும் நெகட்டிவையும் கயிறு போல முறுக்கி ஓட்டுங்கள், போர்டின் இரு பக்கமும் வயரில் கிளிப் ஃபெரைட் (இரைச்சலை அடக்கும் வளையம்) மாட்டுங்கள், ஆன்டெனா வயர் இறங்கும் தூணை விட்டு வயரை மறுபக்கம் நகர்த்துங்கள்.

ஸ்ட்ரிப் உரிந்து தொங்குகிறது

டாஷ்போர்டு பாலிஷில் உள்ள சிலிக்கான் படலத்தின் மேல் எந்தப் பசையும் ஒட்டாது. ஐசோ புரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் இரண்டு முறை துடைத்து, காய்ந்ததும் 3எம் விஎச்பி டேப்பில் ஒட்டி, பத்து விநாடி அழுத்துங்கள். முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும். ஒட்டிய அன்றே வெயிலில் நிறுத்தாதீர்கள். கால் வைக்கும் இடத்தில் ஒட்டுவதோடு விடாமல் கிளிப்பும் போடுங்கள், தொங்கும் வயர் பிரேக் பெடலில் சிக்கக் கூடாது.

இரவில் முன் கண்ணாடியில் விளக்கு பிரதிபலிக்கிறது

எல்இடியின் புள்ளி எதுவும் ஓட்டுபவர் கண்ணுக்கு நேராகத் தெரியக் கூடாது. டாஷ்போர்டின் மேல் விளிம்பில் ஒட்டிய ஸ்ட்ரிப்பை எடுத்து, கீழ் விளிம்பில் தரையைப் பார்த்தபடி ஒட்டுங்கள். வெளிச்சத்தை 20 சதவீதத்துக்கு இறக்கி, நீலத்துக்குப் பதில் ஆம்பர் நிறம் வைத்து, தெருவிளக்கு இல்லாத சாலையில் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடியில் இன்னும் கோடு தெரிந்தால், ஸ்ட்ரிப்புக்கு முன்னால் ஒரு விரல் அகலத்தில் கறுப்பு ஃபோம் பட்டை ஒட்டி மறைத்துவிடுங்கள்.